துவாஸ் நாட்குறிப்பு: துத்தநாகப் பானைக்குப் பக்கத்தில்

மார்ச் 3, 2025, திங்கள்

சிங்கப்பூரில் துவாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் ஃபாக்டரி. லேத்திலிருந்து என்னை மூன்றாம் நம்பர் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். 50 டன் ஹாட் சேம்பர் டை காஸ்டிங் மெஷின், அதாவது உருகிய உலோகத்தை அழுத்தி அச்சுக்குள் செலுத்துவது. துத்தநாகம் வார்ப்பது. கோயம்புத்தூரில் ஐந்து வருஷம் அலுமினியம் ஊற்றியவன் என்று என் பேப்பரில் இருந்ததை யாரோ இப்போதுதான் படித்திருக்கிறார்கள் போல.

அங்கே வேலை வேறு மாதிரி. உலை ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம், நடுவில் நீளக் கரண்டியோடு நான். இங்கே கரண்டியே கிடையாது. உலை மெஷினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலோகத்தைத் தள்ளுகிற உறுப்பே உருகிய உலோகத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. பெயரில் இருக்கும் சூடு அதுதான்.

கற்றுக்கொடுப்பவர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் துவாஸ் பாலம் தாண்டி வருகிற அண்ணன். இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பானைகளோடுதான். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, இந்த மெஷின்ல முக்கியமான சாமான் எதையும் கண்ணால பார்க்க முடியாது. காதைத் தீட்டிக்க."

மார்ச் 5, புதன்

இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதி வைக்கிறேன், மறந்துபோவதற்குள்.

சின்ன வயதில் மூங்கில் பீச்சாங்குழலில் தண்ணீர் அடித்திருப்போம். அந்தக் குழலைத் தொட்டிக்குள்ளேயே அமுக்கி வைத்து, வாயை மட்டும் வளைத்து வெளியே நீட்டிவிட்டு அழுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் கூஸ்நெக். வாத்துக் கழுத்து. அதன் உருளைக்குள் பிளஞ்சர் என்னும் தள்ளுதண்டு ஏறி இறங்குகிறது. பிளஞ்சர் மேலே இருக்கும்போது உருளையின் பக்கத்தில் ஒரு துளை திறந்திருக்கும். பானையில் இருக்கும் உலோகம் தானாக உள்ளே வந்து நிறையும். பிளஞ்சர் இறங்கத் தொடங்கியதும் முதல் காரியமாக அந்தத் துளை மூடிவிடும். அப்புறம் உலோகத்துக்கு ஒரே வழிதான்: கழுத்தில் ஏறி, நாசில் என்னும் வாய்முனையைக் கடந்து, டைக்குள், அதாவது அச்சுக்குள்.

டை நிறைவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு இரண்டு மூன்று விநாடி அழுத்தம் விடாமல் பிடித்திருக்கும். உலோகம் உறைந்ததும் பிளஞ்சர் மேலே போகும். நாசிலில் உறையாமல் மிச்சமிருப்பது சரிந்து கழுத்துக்குள்ளேயே திரும்பி இறங்கும். டை திறக்கும், பின்கள் பொருளைத் தள்ளிவிடும், ஸ்ப்ரே அடிக்கும், டை மறுபடி மூடும். எங்கள் பொருள் மேஜை இழுப்பறைப் பூட்டின் உடல். ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு தடவை செலுத்தினால், நாலு. ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி கூட ஆவதில்லை. கோயம்புத்தூரில் அந்த நேரத்தில் நான் கரண்டியை உலையிலிருந்து தூக்கித் திரும்பியிருப்பேன்.

டையை மூடிப் பிடிக்க 50 டன் விசை எதற்கு என்று அண்ணனிடம் கேட்டேன். அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து அதிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். நாலு பூட்டும், உலோகம் ஓடிவரும் வாய்க்காலான ரன்னரும் சேர்ந்து டை முகத்தில் பிடிக்கும் பரப்பு சுமார் 60 சதுர செ.மீ. உலோகம் உள்ளே போகும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 200 கிலோ. பெருக்கினால் 12,000 கிலோ. அதாவது 12 டன் விசை டையை உள்ளேயிருந்து பிளக்கப் பார்க்கிறது. அதைவிடக் கெட்டியாகப் பிடிக்காவிட்டால் இடுக்கு வழியாக உருகிய துத்தநாகம் பீய்ச்சியடிக்கும். "அந்த நேர்கோட்டுல மட்டும் நிக்காதே" என்றார். நேற்று முழுக்க நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

மார்ச் 8, சனி

நேற்று இரவு ஷிப்டு. ஆள் குறைவு. நோன்பு மாதம் என்பதால் வங்காளதேச நண்பர்கள் அதிகாலை சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள். நான் இரண்டு மெஷினைப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை.

தூக்கம் வரவில்லை, அதனால் இது. அலுமினியத்துக்கு ஏன் இந்த மெஷின் ஆகாது என்பது இப்போதுதான் சரியாகப் புரிகிறது. உருகிய அலுமினியம் இரும்பைத் தின்னும். 660 டிகிரிக்கு மேல் அதற்குள் கூஸ்நெக்கை முக்கி வைத்தால், மெல்ல மெல்லக் கரைந்து உலோகத்தோடு கலந்துவிடும். அதனால்தான் அலுமினியத்துக்குக் கோல்ட் சேம்பர்: ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாக மொண்டு ஊற்ற வேண்டும். எங்கள் ஜமாக் 3 என்னும் துத்தநாகக் கலவை 380 சொச்சம் டிகிரியிலேயே உருகிவிடும். பானையை 420க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதிலும் 4 சதவீதம் அலுமினியம் உண்டு. சூடு கூடிப்போனால் அந்தக் கொஞ்சமே இரும்பைச் சுரண்ட ஆரம்பித்து, கடினமான மணல் மாதிரி மேலே மிதக்கும். மீட்டரில் 450 காட்டினால் அண்ணன் முகம் மாறுவது இதற்காகத்தான்.

மார்ச் 12, புதன்

முலாம் பூசும் கம்பெனியிலிருந்து மூன்று பெட்டி திரும்பி வந்துவிட்டது. நிக்கலும் குரோமும் பூசிய பளபளப்பின் மேல் கொப்புளம். அம்மை போட்ட முகம் மாதிரி.

ஒன்றை ரம்பத்தால் அறுத்துத் தேய்த்துப் பார்த்தோம். ஓரத்தில் அரை மில்லிமீட்டருக்குக் கெட்டியான தோல். உள்ளே குண்டூசி முனை அளவுக்குக் குழிகள். வார்ப்பின் வெளித்தோல் முதலில் உறைவதால் அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பாலிஷ் போடும்போது தோல் தேய்ந்து குழி வாய் திறந்துவிடும். முலாம் தொட்டியின் திராவகம் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு சூடு பட்டதும் மேலே தள்ளும். முலாம் பூசுபவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தப்பு இங்கேதான்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாளாகத் தேடுகிறோம். டையில் காற்றுப் போகும் வென்ட்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம். ஸ்ப்ரேயைக் குறைத்தோம், ஈரம் மிஞ்சினாலும் ஆவி உள்ளே மாட்டும். டை சூட்டை 180க்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

மத்தியானம் அண்ணன் தே ஓ (பால் இல்லாத தேநீர்) பாக்கெட்டைக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு மெஷின் பக்கத்தில் கண்ணை மூடி நின்றார். பத்து ஷாட், இருபது ஷாட். அப்புறம் என்னைக் கூப்பிட்டு பிளஞ்சர் தண்டைக் காட்டினார். டை நிறைந்த கணத்தில் தண்டு சுவரில் முட்டியது போல நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. பிடித்திருக்கும் அந்த இரண்டு விநாடியிலும் வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. சத்தமும் "டக்" இல்லை. "டப்ஸ்" என்று ஒரு மூச்சு.

"பிளஞ்சரச் சுத்தியிருக்கிற ரிங் போயிருச்சு. அழுத்தம் பக்கத்தால ஒழுகுது" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்பினேன். சிராங்கூன் சாலையில் சாப்பாடு. இலையில் வைத்த அப்பளத்தைப் பார்த்தால் கூட அந்தக் கொப்புளம்தான் ஞாபகம்.

புதுக்கோட்டையில் மாமா ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். போனில் என் மெஷினைப் பற்றிச் சொன்னதும், "லைனோடைப் மாதிரியா?" என்றார். விடுதிக்கு வந்து படித்தால், அவர் சொன்னது சரி. 1886இல் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை முதன்முதலில் ஓட்டிய லைனோடைப்பிலும் இதே ஏற்பாடுதான்: உருகிய ஈயக் கலவைப் பானை, அதற்குள் ஒரு பிளஞ்சர், முன்னால் எழுத்து அச்சு. பூட்டுக்குப் பதில் ஒரு வரிச் செய்தி வார்த்திருக்கிறார்கள்.

ஈயம் என்றதும் இன்னொன்று. எங்கள் பானையில் ஒரு துண்டு சால்டர் (ஈயப் பற்றாசு) விழுந்தாலும் மொத்தத்தையும் கொட்டச் சொல்வார்கள். ஈயம் கொஞ்சம் கலந்தாலே துத்தநாக வார்ப்பு வருஷக்கணக்கில் உள்ளுக்குள் அரித்துப் பொடிப்பொடியாக உதிரும். அந்தக் காலத்துப் பொம்மைக் கார்கள் பல அப்படித்தான் போயின. ஜமாக் கலவையை 1929இல் உருவாக்கியபோது, அதற்கு 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகமே அடிப்படையாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பிளஞ்சரை வெளியே எடுத்தோம். சங்கிலி கட்டித் தூக்கியபோது தண்டிலிருந்து வெள்ளி சொட்டியது. ஆறியதும் பார்த்தால் மூன்று ரிங்கில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். உருளையின் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். நகம் மாட்டுகிற ஆழம்.

அண்ணன் கீறலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "கசடு உள்ள போயிருக்கு. லெவல் எறங்குனாத்தான் அது போகும்" என்றார்.

மேலே 8ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். நடந்தது. இரண்டு மெஷினுக்கும் ஓடிக்கொண்டிருந்ததில் மூன்றாம் நம்பர் பானைக்குத் துத்தநாகக் கட்டி போட மறந்துவிட்டேன். உலோக மட்டம் இறங்கி, மேலே ஆடையாகப் படியும் கசடு உருளைத் துளையின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. துளைக்கு உலோகம் எது, கசடு எது என்று தெரியாது, வந்ததை விழுங்கும். கவனித்ததும் அவசரமாக நாலு கட்டி போட்டுச் சரிசெய்துவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

இன்று அண்ணனிடம் சொன்னேன். "தெரியும்லா" என்றார். ராத்திரிக் கணக்கில் நாலு கட்டி ஒரே நேரத்தில் எழுதியிருந்ததை அவர் அன்றைக்கே பார்த்திருக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

விடாத மழை. நேற்றிலிருந்து இப்படித்தான். சரக்கு இறக்கும் வாசலில் அடுக்கியிருந்த துத்தநாகக் கட்டிகள் நனைந்துவிட்டன. ஈரக் கட்டியை நேரே பானையில் போட்டால் ஒட்டியிருக்கும் தண்ணீர் உலோகத்துக்கு அடியில் போய் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,700 மடங்கு விரியும். பானையில் இருப்பது கூரைக்குப் போய்விடும். உலை விளிம்பில் ஒரு மணி நேரம் காயவைத்து, ஒவ்வொன்றாக இறக்கினேன். முகக் கவசத்துக்குள் வேர்வை கண்ணில் வழிந்தது.

உருளைக்குப் புது ஸ்லீவ் (உள்ளுறை) போட்டாகிவிட்டது. பானையின் உட்சுவரில், இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். பதினைந்து நிமிஷத்தில் அழிந்துபோய்விட்டது. அண்ணன் சிரித்துவிட்டு, ஒரு இரும்புக் கம்பியை வளைத்து விளிம்பில் மாட்டினார். முனை எந்த உயரத்தில் உலோகத்தைத் தொடுகிறதோ அதுதான் மட்டம்.

மார்ச் 24, திங்கள்

புதுச் சரக்கிலிருந்து இருபது பூட்டு எடுத்து அடுப்பில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். உள்ளே காற்று மாட்டியிருந்தால் சூட்டில் அது தோலை உப்ப வைத்துவிடும், முலாமுக்கு அனுப்பாமலே தெரிந்துவிடும்.

பத்தொன்பது சுத்தம். ஒன்றில் மட்டும், சாவி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், கேழ்வரகு அளவுக்கு ஒரு மேடு. அண்ணன் கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு எந்த அச்சில் வார்த்தது என்று எண்ணைப் படித்தார். நாலாம் நம்பர்.

"அந்த மூலை வென்ட்டை நாளைக்குத் திறந்து பார்ப்போம்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. டக். டக்.