டைமிங் குறி இல்லாத பம்பி

யாழ்ப்பாணத்தில் லொறி எஞ்சின்களில் வேலை பழகியவர்களுக்கு டீசல் பம்பி ஒன்றைக் கழற்றிப் பூட்டுவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது டைமிங் குறிதான், அதாவது சரியான நேரத்தில் டீசல் தெளிக்கும்படி கியர்களைப் பொருத்துவதற்கான அடையாளம். லேலண்டிலோ இசுசுவிலோ பம்பியின் கியர் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டாலே போதும், எஞ்சின் வெண்புகை கக்கும் அல்லது தட்டும் சத்தத்தோடு ஓடும். ஆகவே குறிகளைத் துடைத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இறுக்குவோம். அந்தப் பழக்கத்தோடு ஒன்ராறியோவுக்கு வந்து, லொறி, பஸ் திருத்துநர்களுக்கான 310T உரிமம் பெற்று, ரொறன்ரோவுக்கு அருகே ஒரு கராச்சில் வேலை செய்யும் எனக்கு, 7.3 லீற்றர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினின் உயர் அமுக்க எண்ணெய்ப் பம்பி வேறு வகையான கவனத்தைக் கற்றுத் தந்தது.

நவிஸ்டார் தயாரித்த இந்த வீ-8 எஞ்சின் 1994 முதல் 2003 வரை ஃபோர்ட் ட்ரக்குகளில் வந்தது. இதில் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு, அதை அழுத்தும் விசையைத் தருவது எஞ்சின் ஒயிலே. பம்பி அந்த ஒயிலை, ஸ்ராட் ஆகும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 500 இறாத்தலிலும், பாரம் இழுக்கும்போது 3,000 இறாத்தலை நெருங்கியும் இரண்டு சிலிண்டர் தலைகளுக்கும் அனுப்புகிறது. இன்ஜெக்டருக்குள் உள்ள பிஸ்டன் அதனை ஏழு மடங்காகப் பெருக்குவதால் டீசலின் அமுக்கம் 21,000 இறாத்தல் வரை உயர்கிறது. எந்த நொடியில் தெளிப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. பம்பி அமுக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்பதால் அதன் கியருக்கு டைமிங் குறி கிடையாது.

சென்ற குளிர்காலத்தில் அப்படியொரு ட்ரக், சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒயில் தேங்கிய நிலையில் வந்தது. பம்பியைக் கழற்றி, கசிந்த அடைப்புகளை மாற்றி, மீண்டும் பூட்டத் தயாரானபோது, வவுனியாவில் வேலை பழகிவிட்டு வந்த தம்பி, "அண்ணை, குறி எங்கை இருக்கு?" என்று கேட்டார். இதற்குக் குறி இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் உடனே கலைக்க வேண்டியிருந்தது. குறி இல்லாத பம்பியில் பிழை விட முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே பிழைகள் பூட்டும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, நெடுஞ்சாலையில்தான் தெரியவரும்.

பம்பியை எடுக்கும்போது அதன் கியர் எஞ்சினின் முன்மூடிக்கு உள்ளேயே தங்கிவிடும். மீண்டும் பூட்டும்போது, முன்மூடியில் உள்ள சிறு தகட்டைக் கழற்றிய துவாரத்தின் ஊடாக ஒருவர் கியரை நேராகப் பிடித்திருக்க, மற்றவர் பின்புறமிருந்து பம்பியின் தண்டை அதற்குள் செலுத்த வேண்டும். தம்பி வெளிச்சம் பிடித்து விரல் நுனியால் கியரைத் தாங்க, நான் பம்பியைத் தள்ளினேன். தண்டு சரிந்தால் வலுவைக் கூட்டாமல், வெளியே எடுத்து மறுபடி நேராக்குவதே முறை. கியர் போல்ற் 95 அடி-இறாத்தலுக்கு இறுக்கப்பட வேண்டும். இதில் கையின் அனுமானத்தை நான் ஏற்பதில்லை, டோர்க் ரெஞ்ச் இல்லாமல் அந்தப் போல்ற்றைத் தொட எவரையும் விடுவதுமில்லை. அது தளர்ந்தால் பம்பி சுழலாது, எஞ்சின் நின்றுவிடும்.

அதைவிட நுணுக்கமானது, பம்பியில் திருகப்படும் அமுக்கக் கட்டுப்பாட்டு வால்வின் றப்பர் வளையங்கள். கூரான விளிம்பில் உரசி மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும், குளிர்ந்த தடித்த ஒயிலில் எஞ்சின் ஒழுங்காக ஓடும். சூடேறி ஒயில் நீர்த்த பின்னர் அந்தக் கீறலால் அமுக்கம் கசிந்து, நிறுத்திய வண்டி திரும்ப ஸ்ராட் ஆகாது. அதனால் வளையத்துக்குப் புது ஒயில் பூசி, விரலால் தடவிப் பார்த்து, வால்வைக் கையாலேயே முடிந்தவரை திருகுவோம். கழற்றிய குழாய் வாய்களை மூடி வைப்பதையும் நான் விடாமல் வற்புறுத்துவேன். இந்த ஒயில் இன்ஜெக்டருக்குள் போவது என்பதால், அதில் விழும் மணல் துணிக்கை ஒன்றே பெருஞ்செலவை வைத்துவிடும்.

பம்பிக்கு மேலுள்ள தொட்டியில், மேல் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வரும்வரை புது ஒயிலை ஊற்றினோம். வெறும் தொட்டியோடு ஸ்ராட் செய்ய முயன்றால் பம்பி காற்றைத்தான் குடிக்கும். பின்னர் ஸ்கானரில் அமுக்கத்தைப் பார்த்தபடி, ஸ்ராட்டர் மோட்டர் சூடாகிவிடாதபடி இடைவெளி விட்டுச் சுழற்றினோம். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து, பம்பி பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குழாய்களிலும் தலைகளிலும் சிக்கிய காற்று வெளியேறும்வரை அமுக்கம் மெல்லத்தான் ஏறும். 500ஐத் தாண்டியதும் எஞ்சின் பிடித்தது. சிறிது நேரம் விக்கி விக்கி ஓடி, ட்ரக்கைத் தெருவில் ஓட்டிய பிறகே சீரானது.

ஓட்டி வந்ததும் ஒயில் அளவை மறுபடி பார்க்கச் சொன்னேன், ஏனெனில் காற்று இருந்த இடங்களை ஒயில் நிரப்பியதால் அடித்தொட்டியில் அளவு குறைந்திருக்கும். உரிமையாளரிடம், ஒயில் பழசானால் நுரைத்து அமுக்கத்தைக் கெடுக்கும் என்பதையும், கடுங்குளிரில் இரவில் பிளொக் ஹீற்றரைச் செருகாவிட்டால் தடித்த ஒயிலைத் தள்ளப் பம்பி திணறும் என்பதையும் விளக்கினேன். சுமார் 14 லீற்றர் ஒயிலின் விலையைக் கேட்டு அவர் முகம் சுளித்தாலும், இன்ஜெக்டர் ஒன்றின் விலையைச் சொன்னதும் அடுத்த ஒயில் மாற்றத்துக்கு அங்கேயே நாள் குறித்துக்கொண்டார்.