ராவில் விழாத பிரேக்கர்

ஜூலை 4
மாமாவின் ஆழ்கடல் மீன்பிடிப் போட் திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. வரும் வழியில், அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற பில்ஜ் பம்பின் பிரேக்கர் மூன்று தரம் விழுந்ததாம். புரொப்பெல்லர் தண்டு வழியாக எப்போதும் தண்ணீர் கசிகிற போட், பம்ப் ஓடாமல் சரிவராது. கழற்றிப் பார்த்தால் சக்கரத்தில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), மீன் செதிலோடு பந்தாகச் சுற்றியிருந்தது. சக்கரம் இறுகினால் மோட்டர் கூடக் கறண்ட் இழுக்கும், பிரேக்கர் விழும். வெட்டி எடுத்தபின், கறண்ட் அளக்கிற கிளாம்ப் மீற்றரில் 6 அம்பியர். பிரேக்கர் 10. சரி, முடிந்தது என்று தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 5
முடியவில்லை. பதினொரு மணிக்குப் போன். “மருமகன், திரும்பவும் விழுந்திட்டுது. இருபது போட்டுவிடன்.”

மாட்டேன் என்றேன். பிரேக்கர் இருப்பது பம்பைக் காக்க அல்ல, வயரைக் காக்க. அங்கே ஓடுவது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். பைபர் போட்டில், நடுக்கடலில் அது பற்றினால் எங்கே இறங்கி ஓடுவது? மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

வயர் எங்காவது உரசிச் சோர்ட் ஆகிறதா என்று பின்னேரம் முழுக்க ஊர்ந்து தேடினேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஜூலை 6
போகவில்லை. போட்டில் வேலை செய்யும் பெடியன் மட்டும் போனில் ஒன்று சொன்னான்: “அண்ணன், ராவில ஒருநாளும் விழுறேல்ல.”

ஜூலை 7
நடுப்பகலில் போனேன். கச்சான் காற்று அடித்து, போட்டை ஓட்டும் அறையான வீல்ஹவுஸ் அடுப்பாகக் கிடந்தது. பம்பைக் கால்மணி நேரம் ஓடவிட்டுப் பிரேக்கர்களை வரிசையாகத் தொட்டேன். மற்றவை இளஞ்சூடு. இதில் விரலை வைக்க முடியவில்லை.

இந்த வகைப் பிரேக்கருக்குள் இருக்கிற ஈருலோகத் தகடு சூட்டில் வளைந்துதான் விழுத்தும். சூடு கறண்டால் வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று அதற்குத் தெரியாது. பம்ப் ஓடும்போதே மீற்றரின் ஒரு முனையைத் திருகாணியிலும் மறுமுனையை வயரின் செம்பிலும் வைத்தேன். 0.9 வோல்ட்! கிட்டத்தட்டப் பூச்சியம் இருக்கவேண்டிய இடம். 6 அம்பியரோடு பெருக்கினால் 5 வாட்டுக்கு மேல், அவ்வளவும் பிரேக்கரின் காலடியில் சூடாகிறது. ராவில் காற்றுக் குளிரில் தாக்குப்பிடித்திருக்கிறது.

பற்றரியைக் கழற்றிவிட்டுத் திருகாணியைத் திறந்தேன். பச்சைக் களிம்பு. உறையை நாலு அங்குலம் உரித்தும் செம்பு கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. வெள்ளீயம் பூசாத வயர் உப்பு ஈரத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. புதிதாக வெள்ளீயம் பூசிய வயர், அதன் முனையில் அழுத்திப் பூட்டிய லக் என்கிற உலோகக் காது, அதன்மேல் சூட்டில் சுருங்கும் உறை போட்டேன். வெந்துபோன பிரேக்கரையும் மாற்றினேன், அதே 10 தான்.

ஜூலை 8
அதே உச்சி வெயில். நாற்பது நிமிடம் ஓடியது, விழவில்லை. அதே இடத்தில் 0.03 வோல்ட். மாமா கையை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடும்போது பக்கத்துத் திருகாணிகளையும் பார்த்தேன். வழிகாட்டி விளக்கு, வயர்லெஸ், இரண்டிலும் பச்சை. ஐஸ் ஏற்ற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.