வால் எலும்பும் 20 வளைவுகளும்

மே 27, 2024

நின்றுகொண்டே எழுதுகிறேன். கட்டிங் டேபிளில் துணி இருக்க வேண்டிய இடத்தில் இன்று நோட்டு.

நேற்று அக்கா குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். பகோடா பாயிண்ட் பார்த்துவிட்டு ஒரு காபித் தோட்டத்து ஓரமாக நடந்து வந்தோம். முந்தின நாள் மழை. சில்வர் ஓக் இலைகள் நனைந்து, சரிவில் தரையோடு ஒட்டிக் கிடந்தன. செருப்பு வழுக்கி, கால் இரண்டும் முன்னால் போக, உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு கல் மேல் விழுந்தேன். கையை ஊன்ற நேரமில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அதைவிடக் கொடுமை இறங்கி வந்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றேன், அக்கா பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும்போது கீழ்முதுகின் அடியில் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. கண்டக்டர் நல்ல மனிதர். "இடம் இருக்குதேம்மா, உட்காருங்க" என்று இரண்டு தரம் சொன்னார். எங்கே அடி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "பரவாயில்லைங்க" என்றேன். அடிவாரம் வரும்வரை வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

மே 29

எலும்பு டாக்டரிடம் போனோம். பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வால் எலும்பில் மெல்லிய விரிசல். மாவுக்கட்டு கிடையாது, ஆபரேஷன் கிடையாது. சாப்பாட்டுக்குப் பின் 5 நாள் வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம். ஆறுவதற்கு 8 முதல் 12 வாரம் ஆகும் என்றார். கால் மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார்.

மாமியார் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வரலாம் என்கிறார். பாசத்தில் சொல்வதுதான். "இந்த இடத்துல கட்டுப் போட முடியாதுங்க அத்தை, தானாத்தான் கூடணும்" என்றேன். "அப்ப படுத்தே கிட கண்ணு, ஒரு வேலையும் தொடாதே" என்றார்.

படுத்தேதான் கிடக்கிறேன்.

ஜூன் 2

மூன்று நாள் முழுக்கப் படுத்துக் கிடந்ததில் வலி குறையவில்லை. இடுப்பும் தொடையும் இறுகிப்போய், பாத்ரூம் வரை நடப்பதே பெரிய காரியமாகிவிட்டது. இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும், யாரும் சொல்வதில்லை என்பதால்: மலச்சிக்கல். வலி மாத்திரை, படுக்கை, பயம் மூன்றும் சேர்ந்து நான்கு நாள் போகவில்லை. போனபோது உயிர் போய் வந்தது. முக்கினால் அந்த எலும்பைச் சுற்றியுள்ள தசைகள் எல்லாம் இழுக்கின்றன. இனி காலையில் பப்பாளி, மதியம் கீரை, இரவு களி, நாள் முழுக்கத் தண்ணீர். ஐஸ் ஒத்தடத்தைவிட இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 5

பிசியோ மேடத்தைப் பார்த்தேன். சின்ன வயசு. முதல் கேள்வியே "எவ்வளவு நேரம் நடக்கறீங்க?" நடப்பதே இல்லை என்றேன். இரண்டு நாள் ஓய்வு போதும், அப்புறம் நடக்கணும், ஆனால் உட்காருவதைத்தான் குறைக்கணும் என்றார். இத்தனை நாள் இதை நான் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்தேன்.

ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் காட்டி விளக்கினார். முதுகுத்தண்டின் கடைசியில் மூன்று முதல் ஐந்து சின்னத் துண்டுகள், வளைந்து கூர்ந்து நிற்கின்றன. பின்பக்கப் பெரிய தசை அதன் ஓரத்தில் வந்து ஒட்டுகிறது. அடியிடுப்பைத் தொட்டில் மாதிரித் தாங்கும் தசைகளும் அதிலேதான். அதனால்தான் உட்கார்ந்து எழுந்திருக்கும் அந்த ஒரு நொடியில் சுரீர் என்கிறது. நிமிர்ந்தோ பின்னால் சாய்ந்தோ உட்கார்ந்தால் பாரம் அங்கே இறங்கும், முன்னால் சாய்ந்தால் இருபக்க இடுப்பெலும்பும் தொடையும் வாங்கிக்கொள்ளும். எழும்போது பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை முன்னால் கொண்டுபோய், தொடை பலத்தில் எழ வேண்டும்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வலி சுமார் ஐந்து மடங்கு அதிகமாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்கூட இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் 8

காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் நடை. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள்ளேயே. தறிச் சத்தம் கேட்கிற வீடுகளைத் தாண்டி, முனை வரை போய்த் திரும்புகிறேன். எட்டி அடி வைத்தால் குத்துகிறது, சின்ன அடியாக வைத்தால் பரவாயில்லை.

மகள் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஒன்று சொன்னாள். வால் எலும்புக்கு வைத்த காக்சிக்ஸ் என்கிற பெயருக்கு கிரேக்க மொழியில் குயில் என்று அர்த்தமாம், குயிலின் அலகு போல வளைந்திருப்பதால் அப்படி வைத்தார்களாம். இத்தனை வேதனைக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது. வலிக்கும்போது அந்த அலகை நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15

கடையைத் திறந்துவிட்டேன். தையல்காரிக்கு உட்காராமல் பிழைப்பு ஏது என்றுதான் முதலில் அழுகை வந்தது. பிறகு யோசித்தேன். அளவெடுப்பது, கட்டிங், லைனிங் ஒட்டுவது, இஸ்திரி, ஊக்கு வைப்பது எல்லாமே நின்று செய்யலாம். மெஷினில் ஓட்டுவது மட்டும்தான் உட்கார்ந்து. கடைக்கு வரும் பெண் மெஷினைப் பார்த்துக்கொள்கிறாள், அவளுக்கு நான் வெட்டிக் கொடுக்கிறேன். டேபிளுக்கு அடியில் இரண்டு செங்கல் வீதம் கொடுத்து உயர்த்திக்கொண்டேன், குனிய வேண்டாம்.

நானும் ஓட்டுகிறேன், 15 நிமிடம் மட்டும். போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அடித்ததும் நூலை அறுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும், கழுத்துப் பட்டி பாதியில் நின்றாலும் சரி.

ஜூன் 20

மெத்தை விஷயம். நடுவில் ஓட்டை உள்ள வட்ட ரப்பர் மெத்தையை வாங்கிவிட்டேன். காசு வீண். ஓட்டைக்குள் உடம்பு இறங்கி, சுற்றிலும் அழுத்தி, அந்த இடத்தை இன்னும் கீழே இழுத்தது. வால் எலும்புக்கு வேண்டியது பின்பக்கம் திறந்திருக்கும் மெத்தை என்று பிசியோ மேடம் சொன்னார். மெத்தைக் கடையில் கெட்டியான ஃபோம் கேட்டேன். கையால் அமுக்கினால் உடனே திரும்பி வர வேண்டும், மெத்தென்று இருந்தால் உட்கார்ந்ததும் தட்டையாகி எலும்பு பலகையில் இடிக்கும். 16 அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன். பின்பக்கம் நடுவில் 4 அங்குல அகலத்தில் 6 அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுத்தேன். பேப்பரில் பேட்டர்ன் போட்டு, காட்டன் துணியில் உறையும் நானே தைத்தேன். உட்கார்ந்து பார்த்தேன். எலும்பு எதையும் தொடவில்லை. 25 நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு டம்ளர் காபியை உட்கார்ந்து குடித்தேன்.

ஜூன் 27

வீட்டில் செய்யும் பயிற்சிகள். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது. ஒரு கணுக்காலை மறு முழங்கால் மேல் போட்டு இழுப்பது. கையும் காலும் ஊன்றி முதுகைப் பூனை மாதிரி வளைப்பது. இழுக்கிற உணர்வு வரலாம், குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது மூச்சுதான். மூச்சை வயிற்றுக்குள் இழுக்கும்போது அடியிடுப்பைத் தளர விட வேண்டும். சொன்னதும் செய்தேன், வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, விழுந்த நாளிலிருந்து நான் அந்த இடத்தை இறுக்கிப் பிடித்தே வைத்திருக்கிறேன், தூக்கத்தில்கூட. பிரசவத்துக்குப் பின் இறுக்குகிற பயிற்சி சொல்லித் தந்திருந்தார்கள். அது இப்போது வேண்டாம், முதலில் விடப் பழகுங்கள் என்றார் மேடம். பத்து நாளாகப் பழகுகிறேன். இன்று காலை அது தளர்ந்தது. ஏனென்று தெரியவில்லை, கண்ணீர் வந்துவிட்டது.

ஜூலை 7

30 நிமிடம் நடக்கிறேன். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். வீட்டுக்காரருடைய பைக்கில் மட்டும் ஏறுவதில்லை. ஒரே ஒரு வேகத்தடை போதும், இரண்டு நாள் உழைப்பு போய்விடும்.

ஜூலை 23

ஆடி பிறந்தாலே மாரியம்மன் கோவில்களில் பண்டிகை, சேலத்தில் எல்லோருக்கும் அவசரம். மஞ்சள் சேலைக்கு ஜாக்கெட் ஒரே நாளில் ஒன்பது வந்தது. வலி பாதிக்கு மேல் குறைந்திருந்த தைரியம். அலாரத்தை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரம் மெஷினில் உட்கார்ந்தேன். ஒன்பதையும் முடித்தேன். எழுந்திருக்கப் போனபோது முடியவில்லை. மே மாதத்து வலி அப்படியே திரும்பி வந்து நின்றது.

இரவெல்லாம் பயம். எலும்பு மறுபடி விரிசல் விட்டுவிட்டதோ என்று. காலையில் மேடத்துக்குப் போன் செய்தேன். "புதுசா அடிபடலை இல்ல? அப்ப தசை கோபப்பட்டிருக்கு, அவ்வளவுதான். படுக்காதீங்க. நடையைப் பாதியாக்குங்க, வெந்நீர் ஒத்தடம் குடுங்க, மூணு நாள் பாருங்க" என்றார்.

ஜூலை 27

நான்காம் நாள் தணிந்தது. முந்தைய நானாக இருந்தால் இந்த நான்கு நாளும் படுத்திருப்பேன்.

பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அக்கா ஜாக்கெட் வாங்க வந்தார். குழித்தறியில் பட்டு நெய்கிறவர், விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு நாள் முழுக்க மிதிக்கிற வேலை. என் நாற்காலி மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு இது என்று கேட்டார். சொன்னேன், இந்த முறை மறைக்காமல். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எனக்கும் ரெண்டு வருஷமா இருக்குதுங்க, யார்கிட்ட சொல்றது" என்றார்.

அவருக்கு ஒரு மெத்தை வெட்டிக்கொண்டிருக்கிறேன். தறிப்பலகை குறுகல், அதனால் 12 அங்குல அகலம்தான். டாக்டரிடம் போகவும் சம்மதிக்க வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷம் என்பது தானாகச் சரியாகிற கணக்கு இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. குமரகிரி முருகன் கோவில் படியில் கால் வைத்தேன். படி ஏறும்போதுதான் அந்தப் பெரிய தசை நன்றாக இழுக்கும், அதனால் இத்தனை நாள் தள்ளிப்போட்டது. மாமியார் கீழே நின்று "போதும் கண்ணு, இறங்கு" என்றபடியே இருந்தார். நாற்பது படி ஏறி, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கினேன். வலி உண்டு, குத்தல் இல்லை.

ஆகஸ்ட் 18

இன்றோடு 12 வாரம். அக்காவும் நானும் மட்டும் ஏற்காடு பஸ் ஏறினோம். மெத்தையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். அடிவாரம் வரை உட்கார்ந்தே வந்தேன். வளைவுகள் தொடங்கியதும் மறுபடி எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதாவது வளைவில் லேசாகக் கடுகடுத்தது. எழுந்து கம்பியைப் பிடித்தேன்.

"இடம் இருக்குதே, ஏம்மா எந்திரிச்சிட்டீங்க?" என்றார் கண்டக்டர். இவர் வேறு ஒருவர்.

"வால் எலும்புல அடிபட்டிருக்குதுங்க. கொஞ்ச நேரம் நிக்கணும்" என்றேன்.

"அப்ப பின்னாடி நிக்காதீங்க, தூக்கிப் போடும். இப்படி நடுவுல வாங்க" என்று வழி விட்டார்.

15ஆவது வளைவு தாண்டியதும் மறுபடி உட்கார்ந்தேன். ஏரிக்கரையில் இறங்கி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தோம். இந்த முறை பட்டையும் ரப்பர் அடியும் உள்ள செருப்பு.