மூங்கில் ஊசி: காஞ்சனாபுரியில் இரண்டு நாள்

முப்பத்தோரு வருஷம் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி போர்டுதான் கண்ணில் படும். போன ஜூலையில் பாங்காக்கில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு வாரம் மால் மாலாகச் சுற்றி அலுத்துப்போய், "காஞ்சனாபுரி போகலாங்க, அங்கே ஒரு டாக்டர் இருந்திருக்கார்" என்றேன். "குவாய் நதிப் பாலம் இருக்கிற ஊர்தானே, டாக்டர் எங்கிருந்து வந்தார்?" என்றார் இவர்.

டாக்டர் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. பெயர் எட்வர்ட் டன்லப். 1907-இல் விக்டோரியா மாநிலத்தின் வாங்கரட்டாவில் பிறந்தவர். முதலில் மருந்தியல் படித்து, அப்புறம்தான் டாக்டருக்குப் படித்தார். ஆறடி நாலங்குல ஆள். ஆஸ்திரேலிய ரக்பி அணிக்கே ஆடியவர். கல்லூரி நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'வியரி', அதாவது களைத்துப் போனவர். டன்லப் என்றால் டயர், டயர் என்றால் 'டயர்டு', டயர்டு என்றால் வியரி. அம்பத்தூர் டன்லப் தொழிற்சாலையைத் தாண்டிப் பல வருஷம் பஸ்ஸில் போய்வந்த எனக்கு இந்த ஜோக் உடனே பிடித்துவிட்டது. சாகும்வரை அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

காலை 7.45-க்கு தோன்புரி ஸ்டேஷனிலிருந்து ரயில். மூன்றாம் வகுப்பு மட்டும்தான். வெளிநாட்டவருக்கு நூறு பாட். ஜன்னல் திறந்தே இருக்கும், மேலே மின்விசிறி சுற்றும், வெட்டிய மாங்காயும் பொரித்த கோழியும் கூடையில் வந்துகொண்டே இருக்கும். நம்மூர் பாசஞ்சர் வண்டிதான். ஒரு யோசனை: போகும்போது இடதுபக்கம் உட்காருங்கள். நாங்கள் வலதுபக்கம் உட்கார்ந்துவிட்டு, தாம் கிராசே வந்ததும் எழுந்து அடுத்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே ஆறு. நடுவே மரக்கால்களின் மேல் வண்டி ஊர்கிறது. மரம் முனகும் சத்தம் கேட்கும். வண்டி முழுவதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றது.

இந்தப் பாதையைத்தான் 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்டது. தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர். கடல்வழியில் நேச நாட்டுக் கப்பல்களின் தொல்லை என்பதால் பர்மாவில் இருந்த படைக்குத் தரைவழியாகச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் சுமார் 2,800 பேர் ஆஸ்திரேலியர்கள்.

இன்று ரயில் 'நாம்தோக்' என்ற ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சோங்தேவ் பிடித்து (நம்மூர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன்) ஹெல்ஃபயர் பாஸ் போனோம். 'நரகத் தீக் கணவாய்' என்று கைதிகள் வைத்த பெயர் இது. மலையைக் குடைந்து ரயிலுக்கு வழிவிட்ட வெட்டுப்பாதை. கொன்யு கட்டிங் என்பது அதன் பழைய பெயர். ஆழமான பகுதி மட்டும் ஏறக்குறைய 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். 1943 ஏப்ரல் 25-இல் வேலை தொடங்கியது. அன்று ஆஸ்திரேலியர்களின் அன்சாக் நாள், போரில் இறந்தவர்களை அவர்கள் நினைக்கும் நாள். ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, அந்தத் துளையில் வெடி வைத்துப் பாறையைப் பிளந்தார்கள். அவசரம் கூடியதும் இரவிலும் வேலை. மூங்கில் தீயின் வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைவதை மேலிருந்து பார்த்தவர்களுக்கு நரகம்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

படிகளில் இறங்கி உள்ளே போனால் சட்டென்று குளிர்ச்சி. இருபக்கமும் ஈரப் பாறை, நடுவில் ஒரு மரம் வளர்ந்து நிற்கிறது. பாறையில் உளி இறங்கிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஓர் இடத்தில் உடைந்த உளியின் இரும்பே துளைக்குள் சிக்கிக் கிடக்கிறது. இவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

போருக்குப் பிறகு இந்த இடத்தைக் காடு மூடிவிட்டது. 1980-களில் தேடி வந்து இதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசை நச்சரித்தவர் டாம் மோரிஸ், ஒரு முன்னாள் கைதி. பர்மா முனையிலிருந்து 55-ஆவது கிலோமீட்டரில் இருந்த மருத்துவ முகாமில், வயிற்றுக்கடுப்பு வார்டில் உதவியாளராக இருந்தவர். அந்த வார்டில் என்ன வேலை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்த மனிதர் நாற்பது வருஷம் கழித்து அதே பாதைக்குத் திரும்பி வந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இன்று மேலே இருக்கும் அருங்காட்சியகம் 1998-இல் திறந்தது. கட்டணம் இல்லை.

டன்லப்பின் முகாம் இதற்குப் பக்கத்து ஹின்டாக். ராணுவ டாக்டராகப் பாலஸ்தீனம், கிரீஸ், கிரீட், டோப்ருக் எல்லாம் சுற்றிவிட்டு, 1942 மார்ச்சில் ஜாவாத் தீவின் பாண்டுங்கில் தன் ஆஸ்பத்திரியோடு பிடிபட்டார். ஆஸ்பத்திரியைக் காலி செய்யச் சொன்ன ஜப்பானியர்கள், இரு கண்ணும் இரு கையும் போன பில் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ் வீரரை நோக்கித் துப்பாக்கிக் கத்தியை நீட்டியபோது டன்லப் குறுக்கே போய் நின்றார். நீட்டிய கத்தியைக் குத்தாமல் தாழ்த்திக்கொண்டார்கள். கிரிஃபித்ஸ் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்.

1943 ஜனவரியில் தாய்லாந்து. கிட்டத்தட்ட ஆயிரம் பேருக்கு அவர்தான் டாக்டர், அவர்தான் தலைவர். காலையில் ஜப்பானியப் பொறியாளர்கள் இத்தனை ஆள் வேண்டும் என்று கணக்கு கேட்பார்கள். எழுந்து நிற்க முடிந்தவர்கள் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது? தினமும் இந்தப் பேரம் டாக்டர் தலையில். ஓர் ஆளை நிறுத்தினால் அவனுக்குப் பதில் இன்னொரு நோயாளி போக வேண்டும். என் வேலைக்காலத்தில் ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்கவைத்த இரவுகள் உண்டு. இது அந்தக் கணக்கில் சேராது.

மே, ஜூனில் மழையோடு காலரா வந்தது. காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீர். சில மணி நேரத்தில் ஆள் வற்றிவிடுவான். மருந்து என்று பார்த்தால் உப்புத் தண்ணீர்தான், அதுவும் நரம்பு வழியாக. டிரிப்ஸ் பாட்டில் ஏது, ஊசி ஏது? கிடைத்த தகரத்தையும் குழாயையும் வைத்துத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தார்கள். அதில் சமையல் உப்பைக் கலந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயை வெட்டி, நுனியில் சீவிய மூங்கிலைச் செருகி நரம்பில் ஏற்றினார்கள். இதை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நரம்பு கிடைக்காத நோயாளிக்கு நல்ல ஊசியை வைத்துக்கொண்டே நாலு தடவை குத்தித் திட்டு வாங்கியவள் நான். வற்றிப்போன உடம்பில் நரம்பு மூழ்கிக் கிடக்கும். அதில் மூங்கிலை எப்படி ஏற்றினார்கள்?

அங்கிருந்து கம்ப்ரெஸர் கட்டிங் என்ற இன்னொரு வெட்டுப்பாதை பக்கம் நடக்கும்போதுதான் இவர் காலைக் கீறிக்கொண்டார். அரைக்கால் சட்டை வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை. பாதையோர மூங்கில் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டது.

"சின்னக் கீறல், விடு."

விடுவதாக இல்லை. கல்லில் உட்கார வைத்துப் பாட்டில் தண்ணீரால் கழுவி, கைப்பையில் இருந்த டெட்டாலைப் போட்டேன். உள்ளே அப்போதுதான் படித்துவிட்டு வந்திருந்தேன்: கைதிகளின் கால் புண்களில் பல இப்படி ஒரு மூங்கில் கீறலில் தொடங்கியவை. சத்தில்லாத உடம்பு, ஓயாத சேறு. நாலைந்து நாளில் கீறல் புண்ணாகி, புண் பரவி, எலும்பு தெரியும். அழுகிய சதையைத் தீட்டிய ஸ்பூனால் சுரண்டி எடுப்பார்கள். மயக்க மருந்து கிடையாது, நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். கட்டுத்துணியைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பக் கட்டுவார்கள். அதிலும் அடங்காவிட்டால் கால் போகும். மோரிஸ் வேலை பார்த்த 55 கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் சாதாரண ரம்பத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை எடுத்தார்.

இரவு காஞ்சனாபுரியில் தங்கல். அறையில் ஏசி கடகடவென்றது, அதைத் தவிரக் குறையில்லை.

மறுநாள் பாக் பிரேக் தெரு. பழைய மரவீடுகள், காபிக் கடைகள். அதில் ஒன்று பூன் பொங் சிரிவெஜ்ஜபந்து என்ற வியாபாரியின் வீடு. ஜப்பானியர்களிடம் முகாமுக்குக் காய்கறி ஒப்பந்தம் எடுத்து, படகில் கூடைக்கு அடியில் மருந்தையும் பணத்தையும் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். டன்லப் முகாமில் அதிகாரிகளின் சொற்பச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து நோயாளிகளுக்கு வாத்து முட்டையும் மருந்தும் வாங்கினார். கொடுக்க மனமில்லாதவர்களும் இருந்திருக்கிறார்கள்; மனுஷர்கள்தானே. பின்னாளில் தாய்லாந்து டாக்டர்கள் ஆஸ்திரேலியா போய்ப் பயிற்சி பெற டன்லப், பூன் பொங் இருவர் பெயரிலும் உதவித்தொகை ஏற்பட்டது. டன்லப் 1969-இல் சர் பட்டம் பெற்று, 1993 ஜூலையில் மெல்போர்னில் இறந்தார். மறுவருஷ அன்சாக் நாளில் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை இந்தப் பாதைக்கே கொண்டுவந்தார்கள்.

டன்லப் என்றதும் எல்லோரும் அறுவை சிகிச்சையைப் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய பெரிய வேலையாகத் தெரிந்தது அந்த முட்டைக் கணக்கும், கொதிக்கவைத்த தண்ணீரும், தள்ளித் தோண்டிய கக்கூஸும்தான். வார்டு நடத்தியவர்களுக்கு இது புரியும்.

அப்படி நடத்த ஆள் இல்லாத முகாம்களும் பக்கத்திலேயே இருந்தன. அங்கே இருந்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். மலேசியத் தமிழர்கள் இன்றும் 'சயாம் மரண ரயில்' என்றே சொல்கிறார்கள். ராணுவ ஒழுங்கு கிடையாது, டாக்டர் கிடையாது. மொத்தம் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் எழுபத்தைந்தாயிரம் முதல் லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். சரியான பதிவே இல்லை. 1943-இன் நடுவில்தான் ஜப்பானியர்கள் சிங்கப்பூரிலிருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்ற பெயர்களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளிலிருந்து டாக்டர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் இவர்களுக்காக அனுப்பினார்கள். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் பேர், அத்தனை முகாமுக்கும்.

காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர் படுத்திருக்கிறார்கள். வெட்டிவிட்ட புல், கல்லுக்கு ஒரு செடி. ஆஸ்திரேலிய வரிசைகளில் மருத்துவப் படைக்காரர்களின் கற்களைத் தேடிக் கண்டுபிடித்தேன். இருபத்து மூன்று, இருபத்தாறு வயதுகள். தமிழ்ப் பெயர் ஒன்றும் அங்கே இல்லை. தமிழைப் பார்க்க வேண்டுமானால் பாலத்துக்குப் பக்கத்தில், 1944-இல் ஜப்பானியர்களே கட்டிய நினைவுத்தூணுக்குப் போக வேண்டும். பல மொழிகளில் கல்வெட்டு, அதில் ஒன்று தமிழ். நினைவுத்தூணைக் கட்டியது யார் என்று நினைத்தபோது அதைப் படிக்கவே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கடைசியாக வாட் தாவோன், ஊரார் வியட்நாமியக் கோயில் என்று சொல்லும் இடம். 1990-இல் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் குவியலாகக் கிடைத்தவை உட்பட, தொழிலாளர்களின் எலும்புகளுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. நாங்கள் போனபோது மழை வந்துவிட்டது. தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். வேறு யாரும் இல்லை, ஒரு நாய் மட்டும்.

பாங்காக் திரும்பும் மினிவேனில் இவர் காலை இழுத்து மறுபடி பார்த்தேன். கீறல் காய்ந்திருந்தது. சுற்றிலும் சிவப்பு இல்லை, சூடும் இல்லை.

"ஏம்மா, வண்டியில் எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றார். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை டெட்டால் போட்டேன்.