அம்மோனைட்: சுத்தியலை ஓங்கும் முன்

சுருள் ஓடு கொண்ட கடலுயிர்களான அம்மோனைட்டுகள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் குடிமுழுகிப் போகாது. அம்மோனைட்டின் புதைபடிவம் உள்ளே இருக்கக்கூடிய உருண்டைக் கல்லைக் கழுவி, விளிம்பில் சுருளின் வரி தெரிகிறதா என்று பாருங்கள். ஓடு பெரும்பாலும் கல்லின் அகலவாட்டில் படுத்திருக்கும். ஆகவே கல்லை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். தட்டை முகத்தில் ஓங்கி அடித்தால் சுருள் குறுக்கே பிளக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கிடைத்த இடமும் பாறை அடுக்கும் எழுதிய சீட்டு இல்லாவிட்டால் புதைபடிவம் வெறும் அலங்காரக் கல்தான்.

ஒட்டியிருக்கும் பாறையை நீக்க வினிகர் வேண்டாம், சுண்ணாம்புப் பாறையோடு ஓடும் கரையும். பொன்னிறப் பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாறிய படிவங்களுக்கு ஈரமே எதிரி: காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் ஆக்சிஜனேற்றமடைந்து கந்தக அமிலம் உண்டாகும், வெள்ளைப் பொடி பூக்கும், படிவம் உதிரும். நன்கு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வார்னிஷ் பூச்சு இதை மறைக்குமே தவிர நிறுத்தாது.