செவலையின் இடது முன்னங்கால்

போடியிலிருந்து குரங்கணி வரைக்கும் பஸ் வரும். அதற்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், அதையும் தாண்டிக் கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன். பிரிட்டிஷ் காலத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கியபோது வைத்த பெயர்கள் அவை, கம்பிவடம் போய் ரொம்ப நாளாச்சு. எங்கள் தோட்டப் பக்கம் ஜீப் ஏறாது, அதனால் காப்பி, மிளகு, எலுமிச்சை எல்லாம் இறங்குவது குதிரை முதுகில்தான். தேர்தல் வந்தால் தேனி மாவட்டத்தின் சில மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம்கூடக் குதிரையில்தான் போகிறது.

மாமாவிடம் ரெண்டு குதிரை. மூத்தது செவலை. போன தை மாசம் காப்பி மூட்டையோடு இறங்கும்போது நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் செவலை தலையை மேலே தூக்கியது, வலது கால் பட்டால் தலை தாழ்ந்தது. முன்னங்காலில் வலி இருந்தால் குதிரை அப்படித்தான் செய்யும், வலிக்கிற காலில் பாரம் விழாமல் இருக்கத் தலையைத் தூக்கிக்கொள்ளும்.

"கால் தாங்குது மாமா."

"தெரியுதுடா. இன்னும் ரெண்டு நடை இருக்கு, முடிச்சிட்டு விட்ருவோம்."

மாமா கல்நெஞ்சுக்காரர் இல்லை, செவலைக்குத் தண்ணி காட்டாமல் தானும் குடிக்காத மனுஷன். ஆனால் நடைக்குத்தான் கூலி. பறித்த காப்பி மேலே குவிந்து கிடக்கிறது, தோட்டக்காரர் போன்மேல் போன் போடுகிறார், குதிரையை நிறுத்தினால் அன்றைக்கு வீட்டில் வரும்படி இல்லை, கொள்ளுக்கும் தவிட்டுக்கும் மட்டும் காசு போய்க்கொண்டே இருக்கும். நானும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ரெண்டு நடையும் முடிந்தது. மூணாம் நாள் காலையில் செவலை அந்தக் காலை ஊன்றவே இல்லை, நுனிக்குளம்பை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு வேர்த்து நின்றது. குளம்பைத் தொட்டால் சுட்டது, குளம்புக்கு மேலே பின்பக்கம் விரல் வைத்தால் நாடி திம்திம் என்று அடித்தது. டாக்டர் வந்து லாடத்தைக் கழற்றி, ஓர் ஆணித்துளையை ஒட்டி அடிக்குளம்பைக் கத்தியால் கொஞ்சம் சீவினார். கறுப்பாகச் சீழ் வந்தது, அப்படி ஒரு நாற்றம். லாட ஆணி உயிர்ச்சதையை ஒட்டி இறங்கியிருக்கிறது. குளம்பு ஓடு கெட்டி, உள்ளே சீழ் கட்டினால் வீங்க இடமில்லை, அதனால்தான் கால் முறிந்த மாதிரி வலி. ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, ஊசி போட்டார், அந்த நோய் குதிரையைச் சட்டென்று பிடிக்குமாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் குளம்பை ஊறவைத்து, மருந்து வைத்து, குழந்தைக்குக் கட்டுகிற டயப்பரைச் சுற்றி மேலே டேப் ஒட்டச் சொன்னார். மெடிக்கலில் டயப்பர் கேட்டு மாமா நின்றதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

முதல் நாளே நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும் என்றார் டாக்டர். அஞ்சு வாரம் ஆனது.

இன்னொன்றும் சொன்னார், இதைக் குதிரை வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தை, பாவம் சும்மா நிற்கிறதே, தேறட்டும் என்று கொள்ளைக் கூடுதலாக வைக்கப் போனார். வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். வேலையில்லாமல் நிற்கிற குதிரைக்குத் தானியம் அதிகமானால் குளம்புக்குள் எலும்பை ஓட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிற சதை வெந்துபோகும், எலும்பே கீழே இறங்கிவிடலாம், அப்புறம் அந்தக் குதிரை பொதி சுமக்காது. புல்லும் தண்ணீரும் போதும். வலி ஊசியைப் போட்டுவிட்டுப் பொதி ஏற்றுவதும் இதே மாதிரிதான், வலி மறையும், புண் அப்படியேதான் இருக்கும்.

அந்த அஞ்சு வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துக் குதிரையை வாடகைக்குப் பிடித்தார் மாமா. கூலியில் பாதி அதற்கே போனது. அத்தையின் வளையல் அடகுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

அப்புறம்தான் பாரத்தைப் பற்றி யோசித்தோம். 1965-ல் வந்த மத்திய அரசு விதிப்படி பொதி சுமக்கிற மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் அளவு. மலையில் பக்கத்துக்கு ஒன்றாக 50 கிலோ மூட்டை ரெண்டு கட்டுவதுதான் வழக்கம். சமதளத்திலேயே குதிரையின் எடையில் 60 சதவீதம் முன்னங்காலில்தான் நிற்கிறது, இறக்கத்தில் இன்னும் கூடும். இத்தனையையும் தாங்குவது உள்ளங்கை அகலக் குளம்புகள். அந்தக் குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட முழுசாக வளராது, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருதரம் சீவி லாடம் மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாட்டிலேயே குதிரைகள் 2012-க்கும் 2019-க்கும் நடுவில் 45 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது, அப்படியிருக்க இந்தத் தொழிலுக்கு யார் புதிதாக வருவார்கள்?

இப்போது மாமா பக்கத்துக்கு 35 கிலோவுக்கு மேல் கட்டுவதில்லை. நடை கூடுகிறது, பொழுது சாய்ந்துதான் வீடு வருகிறார். வந்ததும் கைவிளக்கை வைத்துக்கொண்டு எட்டுக் குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கல்லையும் மண்ணையும் நோண்டி எடுக்கிறார். செவலையின் இடது முன்னங்காலை மட்டும் ரெண்டு தடவை தடவிப் பார்க்கிறார், சூடு இருக்கிறதா என்று.