ஒரே ஒரு போன் உள்ள வகுப்பு

இலங்கையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 3 படிப்பிக்கிறேன். எங்கள் வகுப்பில் இணையம் என்றால் என்னுடைய போனில் இருக்கிற இணையம்தான். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டெப் கிடையாது. அதிபரின் அறையில் ஒரு மல்டிமீடியா, அதாவது சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர், இருக்கிறது. அதைத் தூக்கி வந்து பூட்டி, யன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்குவதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும். இப்படியான இடத்தில் இணையவழிக் கருவிகளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிள்ளைகளின் கையில் திரை இல்லாததால்தான், எது படிப்பிக்க உதவுகிறது, எது வெறும் வேடிக்கை என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எல்லோரையும் போல நாங்களும் வட்ஸ்அப் குழு தொடங்கினோம். சூமில் வகுப்பு வைக்கலாம் என்றும் பேச்சு வந்தது. இங்கே ஒரு வீட்டில் ஒரு போன் இருந்தாலே பெரிய காரியம். அதுவும் தகப்பனோடு வயலுக்கோ வாவிக்கோ போய், பொழுதுபட்ட பிறகுதான் வீடு வந்து சேரும். காலை ஒன்பது மணி வகுப்புக்கு யார் வருவார்கள்? அதனால் நேரலையை விட்டுவிட்டுக் குரல்பதிவுக்கு மாறினேன். நான் ஒரு பத்தியை வாசித்து அனுப்புவேன். பிள்ளை இரவில் போன் கிடைக்கும்போது அதே பத்தியைத் தான் வாசித்து அனுப்பும். டேட்டாவும் அதிகம் போகாது. 2022 இல் மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் வந்து மறுபடி பாடசாலை தடைப்பட்ட நேரத்திலும் இதுதான் தாக்குப்பிடித்தது.

பாடசாலை ஒழுங்காக நடக்கத் தொடங்கிய பிறகும் நான் அதை விடவில்லை. காரணம் எளிது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வாசிப்பதைக் கேட்க எந்த ஆசிரியருக்கும் நேரம் இல்லை. எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது, தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் குரலுக்குள் ஒளிந்துகொள்ளும். குரல்பதிவில் ஒளிய இடமில்லை. எந்த எழுத்தில் தயங்குகிறது, எந்தச் சொல்லை எழுத்துக்கூட்டாமல் ஊகித்துச் சொல்கிறது என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். பின்னணியில் கோழி கத்தும், தொலைக்காட்சி ஓடும். "குருவி எண்டு சொல்லு மனே" என்று அம்மம்மா இரகசியமாகச் சொல்லிக்கொடுப்பதும் கேட்கும். அதற்காக நான் கோபிப்பதில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்கிறார் என்பதே நல்ல செய்திதான். குழுவில் சில அம்மாமார் கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்கிறவர்கள். தன் பிள்ளையின் வாசிப்பை முதலில் கேட்டுப் பதில் போடுகிறவர்கள் அநேகமாக அவர்கள்தான்.

வகுப்புக்குள் எனக்கு மிகவும் கைகொடுத்தது பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைக்கு ஒரு காகித அட்டை கொடுத்தால் போதும். அட்டையில் ஒரு கறுப்புக் கோலம் இருக்கும், அதன் நான்கு பக்கமும் ஏ, பீ, சீ, டீ என்ற நான்கு விடைகள். பிள்ளை தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நான் முன்னால் நின்று போன் கமெராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எந்த விடை சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் கோலமும் வேறு, எழுத்துகளும் பொடி எழுத்து. ஆகவே பக்கத்தில் பார்த்து எழுதும் வித்தை இங்கே பலிக்காது. பளபளப்பான தாளில் லமினேட் பண்ணினால் வெளிச்சம் பட்டு மினுங்கும், கமெரா வாசிக்கக் கஷ்டப்படும். நாங்கள் பழைய கல்யாணக் கார்ட் மட்டையில் ஒட்டிக்கொண்டோம். யாரும் பார்க்கக்கூடாதென்று அட்டையை நெஞ்சோடு அணைத்து, கோலத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடிக்கிற பையன்கள் உண்டு. "விரலை எடு மனே" என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தில் நான் அதிகம் சொல்லும் வசனம்.

ஒரு நாள் 'முந்நூற்று ஐந்து' என்பதை இலக்கத்தில் கேட்டேன். விடைகளாக 305, 350, 3005, 35 என நான்கையும் கொடுத்திருந்தேன். வாயால் கேட்டிருந்தால் வழக்கமான நாலைந்து கைகள் உயர்ந்து, சரியான விடை வந்து, மற்றவர்களும் தலையாட்டியிருப்பார்கள். அட்டையில் பார்த்தால் 3005 காரர் நிறையப் பேர். அவர்கள் காதில் கேட்டபடி 300 எழுதி, அதன் பின்னால் 5 ஐ ஒட்டுகிறவர்கள். 35 சொன்னவர்களின் சிக்கல் வேறு. பத்துகள் இல்லையென்றால் அந்த இடத்தையே விட்டுவிடலாம் என்பது அவர்களின் கணக்கு. முதல் கூட்டத்துக்கு ஈர்க்குக் கட்டுகளை நூறாகவும் பத்தாகவும் அடுக்கிக் காட்ட வேண்டும். மற்றக் கூட்டத்துக்கு வெறுமையான பத்தின் இடத்தைக் காட்ட வேண்டும். ஒரே விளக்கத்தை இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

விடையைச் சொல்லாமல், வேறு விடை காட்டிய ஒருவரோடு பேசச் சொல்லிவிட்டு மறுகா அட்டையைத் தூக்கச் சொல்வேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர் 1990களில் பௌதிகவியல் விரிவுரைகளில் செய்து பிரபலப்படுத்திய முறை. எட்டு வயதுப் பிள்ளைகளிடமும் அது வேலை செய்கிறது, சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. சிக்னல் இல்லாத நாளில் அட்டையை விட்டுவிட்டு, கண்ணை மூடி விரலைக் காட்டச் சொல்வேன். பெயர்ப் பதிவு கிடைக்காது, மற்றபடி பாடம் அதே பாடம்தான்.

எல்லோரும் புகழும் கஹூட் என்ற வினாவிடைப் போட்டிச் செயலி எனக்குச் சரிவராது. அதில் விரைவாக விடை சொன்னால் புள்ளி அதிகம். ஒரு கேள்விக்கு வழக்கமாக அமைந்திருப்பது 20 செக்கன். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குக் கேள்வியை வாசித்து முடிக்கவே அது போதாது. பெரிய வகுப்புகளுக்கு நல்லதாக இருக்கலாம், என் வகுப்பில் அது தோற்கிறவர்களை மட்டும்தான் அடையாளம் காட்டும்.

வீடியோவுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறேன். திமிங்கிலம், பனி மலை, எரிமலை எல்லாம் போனில் இறக்கிவந்து காட்டலாம், இங்கே வேறு வழியில்லை. மீன்கொத்தியைக் காட்ட வீடியோ எதற்கு? வாவிக் கரைக்குப் போனால் கம்பியில் இருக்கிறது. சுற்றாடல் பாடத்தில் பயறு முளைக்கும் வீடியோ ஒன்றைக் காட்டிய பிறகு, ஈரத்துணியில் நாங்கள் போட்ட பயறைப் பார்த்து "இது ஏன் ரீச்சர் இவ்வளவு மெதுவா வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்குப் பிறகு முதலில் துணி, முளை வந்த பிறகுதான் வீடியோ.

வகுப்புக்கு வெளியில் இருப்பவர்கள் கேட்பது வேறு. படம் எடுத்து அனுப்புங்கள், திரையும் பிள்ளைகளும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பார்கள். காகித அட்டையைத் தூக்கிப் பிடிக்கும் பிள்ளைகளின் படம் அவ்வளவு எடுபடுவதில்லை. பெற்றோரின் கவலையோ தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஆனாலும் எங்கிருந்தோ வந்த மாதிரி வினாத்தாள்களைக் குழுவில் வந்து கொட்டுவார்கள். வாசிப்புப் பதிவுகள் அதற்குள் புதைந்துபோகத் தொடங்கியதும், குழுவில் இனிக் குரல்பதிவு மட்டும்தான் என்று எழுதிப் போட்டேன். ஓரிருவர் விலகிப் போனார்கள். அவர்களின் பிள்ளைகளை இப்போது இடைவேளையில் என் மேசைக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறேன்.